எதிர்வரிசைக் கரண்ட்

“குடுய்யா என் பீஸ் கட்டைய! இனிமே உன் வூட்டுக் கரண்டும் வாணாம், உன் சட்டமும் வாணாம்!”

“மாமான்னு கூப்ட்ட வாயால யோவ்ங்கற. பரவால்ல, கூப்புடு. நான் சொன்னதுல தப்பு எங்க இருக்குது, அத்தச் சொல்லு.”

“தப்பு எங்க இருக்குதா? என் புருசன் கட்டில்லேர்ந்து கீழ வுழுந்து கெடக்கறாரு. நீ குளிச்சி முடிச்சி, பட்டை போட்டுகினு, ஆடி அசைஞ்சி வர்ற. அதான் தப்பு!”

“ஈரக் கையோட வந்து கரண்டுல கை வைக்கச் சொல்றியா?”

“கட்டைய வாங்கி ஆணியில மாட்டிட்டுத்தான் வயரு குடுப்பேன்னு நிக்கறியே, அத்தச் சொல்றேன். உன் சொத்தையா எழுதி வாங்கப் போறேன்?”

“அமுதம், நீ மெயின எறக்காம வயர சொருவிட்டன்னா கரண்டு திரும்பிப் போஸ்ட்டுக்குப் போவும். அங்க எவனாவது ஏறி வேல செஞ்சிகினு இருந்தான்னா தொங்குவான்.”

“எவனோ தொங்குவான்னு என் புருசன் இன்னாத்துக்குய்யா மூச்சு முட்டிச் சாவணும்?”

இந்த இடத்தில்தான் நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அதுவரை சன்னலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். வசனமெல்லாம் தெளிவாகத்தான் விழுந்தது. ஆனால் முகம் பார்க்காமல் ஒரு சண்டையை முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது அல்லவா. தெருவே என்னைப்போல் நினைத்திருக்க வேண்டும், இரண்டு பக்கத்து வாசலிலும் ஆள் நின்றது.

எங்கள் தெருவுக்கு இரண்டு அரசாங்கம். பாகூரிலிருந்து தெற்கே வந்து கடலூர்ப் பக்கம் திரும்பினால் கரும்புக் கொல்லைக்கு நடுவே இருக்கிறது. மேற்கு வரிசை வீடுகள் புதுச்சேரி, கிழக்கு வரிசை தமிழ்நாடு, நடுவில் பன்னிரண்டடி சிமென்ட் ரோடு. கிழக்கு வரிசைக்காரர்கள் மேற்கு வரிசையில் விரும்பிப் பெண் எடுப்பது மாமியார் வீட்டுக்குப் போகிற சாக்கில் சாராயக் கடைக்குப் போகத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது நான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

இரண்டு வரிசைக்கும் தனித்தனிப் போஸ்ட், தனித்தனி டிரான்ஸ்பார்மர். இந்தப் பக்கம் கரண்ட் போனால் அந்தப் பக்கம் போகாது. அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் ஃபேன் ஓடும். அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிர்வரிசையில் ஒரு வீடு. கரண்ட் போனதும் அங்கிருந்து ஒரு வயர் ரோட்டைத் தாண்டி வரும். அதற்கு இரண்டு முனையிலும் பிளக் இருக்கும். ஒரு முனையை அவர்கள் வீட்டில் சொருகி, மறு முனையை நம் வீட்டில் ஏதாவது ஒரு பிளக் பாயின்டில் சொருகினால் வீடு முழுக்க விளக்கு எரியும். சொருகுவதற்கு முன்னால் நம் வீட்டு மெயினை இறக்கிவிட வேண்டும். அது ஒன்றுதான் விதி.

வெளிநாட்டில் கரண்ட் கம்பெனியை வீட்டுக்காரரே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமாம், புடவைக்கடை மாதிரி நாலு கடை ஏறி இறங்கலாமாம் என்று படித்தவர்கள் ஆச்சரியமாகச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் அது முப்பது வருடமாக நடந்தது. எந்த வீட்டில் வோல்டேஜ் சரியாக இருக்கிறது, எந்த வீட்டில் கதவைத் தட்டினால் உடனே திறப்பார்கள், யார் கரண்ட் கொடுத்துவிட்டு அந்தச் சாக்கில் உள்ளே வந்து நம் அரிசிப் பானையை எட்டிப் பார்ப்பார்கள், எல்லாம் விசாரித்துத்தான் சேருவோம். காசு வாங்குவது அநாகரிகம். பொங்கலுக்கு இரண்டு கட்டுக் கரும்பு, அறுப்புக்கு ஒரு மரக்கால் நெல், அவ்வளவுதான். எனக்குக் கரண்ட் தந்தவள் வைஜெயந்தி. அவள் மருமகள் செய்ததையெல்லாம் நான் உட்கார்ந்து கேட்க வேண்டும், அதுதான் கட்டணம். எனக்குக் கட்டுப்படியாகித்தான் இருந்தது.

அமுதத்துக்குப் பச்சையப்பன். அமுதம் வீடு மேற்கு வரிசையில் கடைசி. அதற்கு நேர் எதிரே பச்சையப்பன். சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிடையர் ஆனவர். சட்டைப் பையில் இன்னமும் டெஸ்டர் வைத்திருப்பார். அவரிடம் கரண்ட் வாங்குவது ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குவது மாதிரி. மெயினை இறக்கினால் மட்டும் போதாது. மீட்டர் பலகையில் இருக்கிற வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டை இரண்டையும் பிடுங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவார். அப்புறம் நம் வீட்டுக்கு வந்து பலகையைப் பார்ப்பார். டெஸ்டரை வைப்பார். ஒரு இருமல் இருமுவார். பிறகுதான் வயர். கட்டை அவர் கையில் இருக்கும்வரை நாம் என்ன தப்புச் செய்தாலும் கரண்ட் போஸ்ட்டுக்குப் போகாதாம்.

ஒன்பது வருடம் அமுதம் இதைப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது கண்ணையனுக்கு நுரையீரல் சுருங்கிய பிறகு. கண்ணையன் அவள் புருஷன். கரும்பு லாரி ஓட்டியவர், ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். இரண்டு வருடத்தில் பாதியாகி, மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின். அது கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் ஐந்து நிமிடத்தில் உதடு நீலமாகும். இன்வெர்ட்டர் வாங்கினார்கள், இரண்டாவது மழைக்காலத்திலேயே பேட்டரி உப்பிப்போனது. அவசரத்துக்கு என்று ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது, மிச்சம்பிடித்தால் மூன்று மணி நேரம் வரும். அதை ரொப்ப வில்லியனூர் தாண்டிப் போக வேண்டும் என்பதால் அமுதம் அதைத் தொடவே விடமாட்டாள்.

அன்றைக்குப் பச்சையப்பன் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். அமுதம் இரண்டு கட்டையோடு அவர் வீட்டு வாசலில் பத்து நிமிடம் நின்றிருக்கிறாள். திரும்பி வந்தால் கண்ணையன் தரையில். அதற்குத்தான் இந்தச் சண்டை.

பச்சையப்பன் உள்ளே போய்க் கட்டைகளைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். எறியவில்லை.

“வேற எவங்கிட்டயாச்சும் வாங்கிக்க. ஆனா ரெண்டு கட்டையும் புடுங்கி வச்சிட்டு வாங்கு. அவ்ளோதான் சொல்லுவேன்.”

“நீ ஒண்ணும் சொல்ல வாணாம்.”

மறுநாளே அமுதம் மணிமாறனிடம் சேர்ந்துவிட்டாள்.

மணிமாறன் கிழக்கு வரிசையில் மூன்று வீடு தள்ளி. பாகூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை. எங்கள் தெருவில் முதலில் டைல்ஸ் போட்டவன், முதலில் கேமரா வைத்தவன், முதலில் கரண்டுக்கு மாசக் கட்டணம் வாங்கியவனும் அவன்தான். அதைப் ‘பேக்கேஜ்’ என்பான். மற்றவர்கள் மாதிரி ரோட்டின் மேல் வயர் போடமாட்டான். வாய்க்கால் குழாய் வழியாக ஒவ்வொரு வாடிக்கைக்கும் நிரந்தரமாகக் கேபிள் இழுத்துவிட்டிருந்தான். கட்டையும் வேண்டாம், நடையும் வேண்டாம்.

“கரண்டு போச்சா? ஒரு மிஸ்டு கால் குடுங்கக்கா. நான் இங்க சுவிட்ச் போட்டுடறேன். நீங்க மெயின எறக்கிட்டு சொருவிக்குங்க. ரெண்டே நிமிஷம். இந்தக் காலத்துல கட்டையத் தூக்கிகினு அலையறது இன்னாக்கா?”

“மெயின எறக்கினா போதுமில்லப்பா?”

“போதும்க்கா. அந்தப் பெருசு சும்மா சீன் போடுது.”

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். பச்சையப்பனும் கேட்டிருப்பார், அவர் வாசலில் நின்றுதான் மணிமாறன் சொன்னான். அடுத்த மாதத்துக்குள் இன்னும் நாலு வீடு அவனிடம் மாறியது. நானும் வைஜெயந்தியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மருமகள் கதை பாதியில் நின்றதால் பொறுத்திருந்தேன்.

நாலு மாதம் அமுதம் வீட்டில் நிம்மதி. கரண்ட் போன இரண்டாவது நிமிடம் மிஷின் திரும்ப உறும ஆரம்பிக்கும். கண்ணையன் முகம் கூடக் கொஞ்சம் தெளிந்தது. மகள் மஞ்சுளா பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள், அவளுக்கு வரன் பார்க்கிற பேச்சும் எழுந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது. ராத்திரி முழுக்கக் காற்று, விடிந்ததும் மழை. ஏரி நிரம்பி வழிந்து பாகூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். மேற்கு வரிசையில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. கிழக்கு வரிசையில் அதிசயமாக நின்று எரிந்தது.

காலை ஒன்பது மணிக்கு நான் அமுதம் வீட்டில் இருந்தேன். பால் இருக்கிறதா என்று கேட்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் போவதற்கு முன்பே மூன்று தடவை போய் வந்திருக்கிறது. மூன்று தடவையும் அமுதம் மிஸ்டு கால் கொடுத்து, மெயினை இறக்கி, சொருகி, நம் கரண்ட் வந்ததும் பிளக்கைப் பிடுங்கி, மெயினை ஏற்றியிருக்கிறாள். அடுப்பில் கஞ்சி. கூரையில் ஒரு இடத்தில் ஒழுக்கு, கீழே குண்டான். நான் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் வெளியே பெரிய சத்தம். வேப்பங்கிளை ஒன்று முறிந்து, தெருக்கோடியில் இரண்டு போஸ்டுக்கு நடுவே கம்பியை அறுத்துக்கொண்டு விழுந்தது. மிஷின் நின்றது. அது நின்றால் ‘பீப் பீப்’ என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டாலே அமுதம் செய்கிற வேலையைப் பாதியில் விட்டு ஓடுவாள். கஞ்சிக் கரண்டியை வைத்தாள், போனை அழுத்தினாள், பிளக்கை எடுத்துச் சொருகினாள். மிஷின் ஓடியது. கண்ணையன் மூச்சை இழுத்துவிட்டு எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

நாலாவது தடவை அவள் கை முந்திக்கொண்டது. மெயின் கைப்பிடி மேலேயே இருந்தது.

அறுந்த கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தது இரண்டே வீடு. ஒன்று அமுதம் வீடு. இன்னொன்று திருப்பூர் போன குடும்பத்தின் பூட்டிய வீடு. வேறு வீடுகள் அந்தக் கம்பியில் இருந்திருந்தால் இவ்வளவையும் தாங்காமல் மணிமாறன் வீட்டில் பீஸ் போயிருக்கும், ஒருத்தனும் செத்திருக்க மாட்டான். இதைப் பின்னால் பச்சையப்பன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

பத்து மணிக்கு மழை கொஞ்சம் விட்டதும் லைன் பார்க்க மூன்று பேர் தண்ணீரில் நடந்தே வந்தார்கள். அதில் டேனியல் எங்களுக்குத் தெரிந்த பையன். இருபத்தாறு வயது, ஒப்பந்தத்தில் வேலை. யார் வீட்டு வாசலிலும் உரிமையாக நின்று “யக்கா, டீ இருக்குதா?” என்பான். டீயை உறிஞ்சிக்கொண்டே பக்கத்து ஊர்ச் செய்தியெல்லாம் சொல்வான் என்பதால் எனக்கு அவனைப் பிடிக்கும். தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். அன்று டீ வேண்டாம் என்றுவிட்டான்.

“மொதல்ல கண்ணையண்ணனுக்கு லைன் குடுத்துட்டு வர்றேன்க்கா. பாவம், மூச்சு வுட முடியாத ஆளு.”

முறைப்படி டிரான்ஸ்பார்மரில் பீஸையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் கடைசிப் போஸ்ட்டில் ஏறினான். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். கம்பியில் கை வைத்தான். கத்தக்கூட இல்லை. இடுப்பு பெல்ட்டோடு அப்படியே பின்னால் சாய்ந்து, தலை தொங்கியது. தொப்பி கீழே தண்ணீரில் விழுந்து மிதந்தது.

கீழே நின்றவன்தான் அலறினான். “கரண்டு வருது! கரண்டு வருது! எந்த வூட்லடா வுட்டீங்க? புடுங்குங்கடா!”

தெரு முழுக்க ஆள் ஓடியது. அவரவர் வயரைப் பிடுங்க ஓடினார்கள். அமுதம் எனக்கு முன்னால் நின்றாள். அவள் ஒரு தரம் போஸ்ட்டைப் பார்த்தாள், ஒரு தரம் மிஷினைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் போய் மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கினாள். பிளக்கைத் தொடவில்லை. டேனியலைக் கயிறு கட்டி இறக்கும்போது உள்ளே மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவன் உடம்பை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன அரைமணியில் கிழக்கு வரிசையிலும் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பக்கத்து அதிகாரிகளும், போலீஸும் தெருமுனை ரேஷன் கடைத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் வயதானவர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “எந்த வூட்லேர்ந்து கரண்டு திரும்பிச்சின்னு தெரியாம, ரெண்டு பக்கமும் போட மாட்டோம். இன்னொருத்தன ஏத்த முடியாது. தெரிஞ்சவங்க சொல்லிடுங்க. அந்த ஒரு வூட்ட மட்டும் பிரிச்சிட்டு ஒரு மணி நேரத்துல எல்லாருக்கும் குடுத்துடறோம்.”

நாங்கள் அவரவர் வீட்டைப் பார்த்து நடந்தோம். அவர்கள் வீடு வீடாகப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் முப்பத்து நாலு வீடு. ஒரு வீட்டிலும் இரண்டு முனை பிளக் வைத்த வயர் இல்லை. ரோட்டைத் தாண்டி வயர் போட்ட ஆணித் தழும்புகூட இல்லை. எல்லா மெயினும் ஒழுங்காகக் கீழே இறங்கியிருந்தது. என் வயர் வைக்கோல் போருக்குள் இருந்தது. வைஜெயந்தியுடையது அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கு முன்பே மணிமாறன் அமுதம் வீட்டுக்கு வந்துவிட்டான். குழாய்க்குள் இருந்த கேபிளைத் தன் பக்கத்திலிருந்து இழுத்திருக்கிறான், வரவில்லை. இந்த முனையைக் கட்டிங் பிளையரால் வெட்டினான். அந்தப் பக்கம் போய் சரசரவென்று இழுத்துக்கொண்டான். திரும்பி வந்து குனிந்து, ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

“யக்கா, ஒண்ணும் நடக்கல. இடி எறங்கிச்சின்னு சொல்லிக்கலாம். நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க. தொறந்தா உங்களத்தான் உள்ள வைப்பாங்க.”

“இவருக்கு கரண்டு?”

“சாயந்திரத்துக்குள்ள வந்துடும். எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்குது, பேசிகினு இருக்கேன்.”

சிலிண்டரைத் திறந்தபோது மணி பதினொன்று. பாகூரில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர் வண்டி தண்ணீரில் நின்றுவிட்டது என்றார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததற்கு, பாகூர்வரைதான் வர முடியும், அங்கே கொண்டுவந்து விடுங்கள் என்றார்கள். கண்ணையன் போக மாட்டேன் என்று கையை ஆட்டினார்.

பன்னிரண்டு மணி இருக்கும். பச்சையப்பன் தண்ணீரில் இறங்கி ரோட்டைத் தாண்டி வந்தார். சண்டைக்குப் பிறகு முதல் தடவை. உள்ளே வரவில்லை, படிக்குக் கீழே மழையில் நின்றார்.

“அமுதம். போயி சொல்லிடு.”

“இன்னாத்தச் சொல்லணும்?”

“எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துல கரண்டு வரும். சிலிண்டரு இன்னும் எவ்ளோ நேரம் வரும்?”

மஞ்சுளா உள்ளேயிருந்து, “ரெண்டு மணி நேரம் வரும் தாத்தா,” என்றாள். அம்மாவைப் பார்த்து, “சொல்லிடும்மா,” என்றாள்.

“ஆபீசருங்க பிரிக்கறது நம்ம வூட்டத்தான்டி. ஊருக்கெல்லாம் வரும். நமக்கு வருமா?”

“என் வூட்டுக்கு வரும் இல்ல?” என்றார் பச்சையப்பன். “கட்டிலோட தூக்கிகினு வந்து என் வூட்ல போடு. மிஷின் அங்க ஓடட்டும். எத்தினி நாளானாலும்.”

அந்த நேரத்தில் அமுதம் வாசலில் நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். பச்சையப்பன் சொன்னதில் தப்பில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு வீடு மாட்டினால் முப்பத்து நாலும் மாட்டும் என்பதும் தெரியும். நாங்கள் யாரையும் மிரட்டவில்லை. “அவசரப்படாதடி, பொம்பள ஸ்டேஷன் படி ஏறினா மஞ்சுளாவ எவன் கட்டுவான்” என்றோம். “கொஞ்சம் பொறு, வந்துடும்” என்றோம். சொன்னதில் என் குரல்தான் கொஞ்சம் ஓங்கியிருந்தது என்று பிற்பாடு வைஜெயந்தி சொன்னாள். அவள் எதையும் மிகைப்படுத்துவாள்.

கண்ணையன் குழாயை விலக்கிவிட்டுச் சொன்னார், “உன்ன உள்ள வச்சிட்டா எனக்கு யாருடி கஞ்சி ஊத்துவா?”

அமுதம் பச்சையப்பனைப் பார்த்து, “நீ போ மாமா,” என்றாள்.

 அவர் தண்ணீரில் இறங்கித் திரும்பிப் போனார். அவரே நேராக ரேஷன் கடைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று இப்போது கேட்கிறார்கள். “அவ வாயால வரணும், நான் காட்டிக்குடுத்ததா இருக்கக் கூடாது” என்று நினைத்தாராம். சரியாக இருப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது.

ஒன்றரை மணிக்கு சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. மணிமாறனின் தெரிந்த ஆள் போனை எடுக்கவில்லை. அதற்குமேல் அமுதம் யாரையும் கேட்கவில்லை. எங்கள் தெரு நாகராஜன் தன் டிராக்டரைக் கொண்டுவந்தார். ட்ரெய்லரில் மெத்தை போட்டு, கண்ணையனைப் படுக்கவைத்து, மேலே தார்ப்பாய் பிடித்தார்கள். மஞ்சுளா சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டாள். அமுதமும் ஒரு காலை ஏற்றினாள். ஏற்றின காலை இறக்கினாள்.

“நீ போடி. பாகூரு போயிட்டா போன் பண்ணு. வழியில தண்ணி அதிகமா இருந்து போவ முடியலன்னா திருப்பிக் கூட்டியாந்துடு. அதுக்குள்ள நான் இங்க கரண்டுக்கு வழி பண்றேன்.”

டிராக்டர் போனதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரேஷன் கடையைப் பார்த்து நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். தடுக்கவா, கேட்கவா என்று எங்களுக்கே தெரியாது.

“நான்தான் சார். மெயின எறக்காம சொருவிட்டேன்.”

வயதான அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். “எங்கேர்ந்தும்மா எடுத்தீங்க?”

“அதோ நிக்கறான் பாருங்க, மணிமாறன். அவன் வூட்லேர்ந்து.”

“யக்கா, இன்னா பேசறீங்க?” மணிமாறனுக்குக் குரல்கூட மாறவில்லை. “புருசன் ஒடம்பு சரியில்லாம புத்தி தடுமாறுது சார். என் வூட்லேர்ந்து வயரு வந்திச்சின்னா வயரக் காட்டச் சொல்லுங்க.”

போலீஸ்காரர் எங்களைப் பார்த்துக் கேட்டார். நான் முன்னால் நின்றதால் முதலில் என்னைக் கேட்டார். காலையில் நீங்கள் அந்த வீட்டில் இருந்தீர்களாமே, வயரைப் பார்த்தீர்களா, மெயின் மேலே இருந்ததா கீழே இருந்ததா?

கவனிக்கவில்லை என்றேன். அக்கம்பக்கத்தில் நடப்பது எதையும் கவனிக்கும் பழக்கம் இல்லாதவர் என்று அந்த ஒரு தடவை என்னைப் பற்றி எழுதிக்கொண்டார்கள்.

எனக்குப் பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள். கடைசியில் பச்சையப்பன், “கேபிள் இருந்துது சார். குழாயில போட்டிருந்தான். நான் பார்த்தேன்,” என்றார். “நீங்களும் கரண்டு குடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார்கள். “குடுத்தேன். ஒம்பது வருசம்,” என்றார். அவர் பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.

அமுதம் வீட்டு சர்வீஸைப் போஸ்ட்டிலேயே துண்டித்தார்கள். மீட்டரையும் பீஸ் கட்டைகளையும் சாட்சிக்கு என்று பையில் போட்டுக்கொண்டார்கள். அறுந்த கம்பியை ஒதுக்கிக் கட்டினார்கள். அமுதத்தை ரேஷன் கடை பெஞ்சில் ஒரு பெண் போலீஸுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். மூன்று இருபதுக்கு மேற்கு வரிசையில் கரண்ட் வந்தது, இரண்டு நிமிடம் கழித்துக் கிழக்கு வரிசையில். கரண்ட் வந்தால் எங்கள் தெருவில் “ஏ!” என்று ஒரு சத்தம் எழும்பும். சின்னப் பிள்ளையிலிருந்து எங்களுக்கு அப்படிப் பழக்கம். அன்றும் எழும்பியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அமுதம் எழுந்து, “மாமா, எங்க வூட்டு மிஷின எடுத்துகினு போயி உன் வூட்ல வையி. நான் டிராக்டரத் திருப்பச் சொல்றேன்,” என்று பச்சையப்பனிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். மகளே கூப்பிட்டாள்.

ஏரிக்கரையில், மதகுக்குப் பக்கத்தில், டிராக்டர் நின்றிருந்தது. அதற்கு மேல் ஓட்ட வேண்டிய அவசரம் நாகராஜனுக்கு இல்லை.

அமுதம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எத்தினி மணிக்குடி?”

“மூணு இருக்கும்மா.”

பச்சையப்பன் அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு பாதி ரோட்டில் வந்துவிட்டார். தண்ணீரில் கீழே வைக்கவும் முடியாமல், கொண்டுபோகவும் முடியாமல் நின்றார். யாராவது போய் வாங்கியிருக்கலாம். நாங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்க்கப் போய்விட்டோம்.

அமுதத்தின் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. ஜாமீனில் வந்து, வீட்டைப் பூட்டிவிட்டு, சுத்துக்கேணியில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். கருமாதிக்குக்கூட இந்தத் தெருவில் யாரையும் அழைக்கவில்லை. பச்சையப்பன் மேலும் ஒரு வழக்கு உண்டு, வாய்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவதாகக் கேள்வி. மணிமாறன் மேல் எதுவும் நிற்கவில்லை. செல்போன் கடையைக் கடலூருக்கு மாற்றிக்கொண்டு, அங்கேயே வீடு கட்டிப் போய்விட்டான். கிரகப்பிரவேசத்துக்குத் தெருவையே வேன் வைத்து அழைத்துப்போனான், சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது.

மஞ்சுளாவுக்குப் போன ஆவணியில் வில்லியனூரில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், பார்க்க லட்சணமாக இருக்கிறானாம். எங்கள் தெருவுக்கு வந்தது ஒரே ஒரு பத்திரிகை, அது பச்சையப்பனுக்கு. டேனியலுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை மறு வருடமே பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். டேனியலின் அம்மா மட்டும் தங்கள் ஊரிலேயேதான் இருக்கிறாள்.